காவிரி நாட்டில் கிறிஸ்து பிறப்புத் திருநாள்



மார்கழித் திங்கள் ஒன்பதாம் நாளிலோ பத்தாம் நாளிலோ கிறிஸ்து பிறப்புத் திருநாள் வருகின்றது. மேனாட்டில் அது பனி மூடிய காலம். அறுவடையெல்லாம் முடிந்து, களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு, உழவன் அடுப்பருகே குளிர்காயும் காலம். அங்குள்ள கிறிஸ்துமஸ் வழக்கங்கள் பலவும் அந்த நிறைவிலிருந்தும் ஓய்விலிருந்தும் தோன்றியவை. தஞ்சை நாட்டிலோ அந்நாளில் நிலம் உறங்குவதில்லை. சம்பாப் பயிர் கதிர் வாங்கிப் பால் பிடிக்கும் பருவம் அது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தபின், நீர் இருப்பு நன்றாக இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கமாயிற்று. ஆகவே நல்ல ஆண்டாயின் டிசம்பர் இறுதியிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அறுப்பு தைத் திங்களில். அஃதாவது, திருநாள் வரும்பொழுது புதுநெல் வீடு சேரவில்லை. சென்ற ஆண்டுச் சம்பா பத்தாயத்தின் அடியைத் தொட்டிருக்கும். ஐப்பசியில் குறுவை வந்திருக்கும் என்பது உண்மையே. ஆயினும், அடைமழைக்கு நடுவே அறுத்து, அரைகுறையாய்க் காய்ந்த அந்நெல்லைப் பலகாரத்திற்கு ஏற்றதென்று எங்கள் வீட்டுப் பெண்டிர் ஒருபோதும் ஒப்பியதில்லை.

இந்த ஒரு செய்தியை மனத்திற் கொள்ளுங்கள். காவிரி நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் அத்திருநாள் என்பது மிகுதியிலிருந்து எடுத்துச் செய்யும் விழா அன்று. மிச்சம் பிடித்து வைத்ததிலிருந்து எடுத்துச் செய்யும் விழா.

பெத்லகேம் என்ற சொல்லுக்கு எபிரேய மொழியில் 'அப்பத்தின் வீடு' என்பது பொருள். எபிரேயர் கருதிய அப்பம் கோதுமையாலும் வாற்கோதுமையாலும் ஆனது. தமிழ் விவிலியத்திலும் 'அப்பம்' என்ற சொல்லே வழங்குகின்றது. ஆனால் தமிழ்நாட்டில் அப்பம் என்றால் அரிசி மாவுப் பண்டம் அன்றோ? எனவே, தஞ்சைச் சிற்றூரில் ஒரு குழந்தை அச்சொல்லைக் கேட்கும்பொழுது அதன் கண்முன் தோன்றுவது அடுமனை ரொட்டி அன்று. ஆட்டுரலும் அடுப்பும் தாயின் கையுமே. பால குமாரனைக் கிடத்திய முன்னணையையும் அக்குழந்தைக்கு விளக்க வேண்டுவதில்லை. கொல்லையில் மாட்டுக் கொட்டில் இருக்கின்றது. அதில் வைக்கோல் இருக்கின்றது. இத்தாலி நாட்டிலே அசிசி நகரத்துப் பிரான்சிசு முனிவர் 1223இல் கிரேச்சோ என்னும் ஊரில் கிறிஸ்து பிறப்புக் குடிலை அமைத்துக் காட்டினார் என்பது வரலாறு. அவருக்கு வைக்கோலும் மாடும் கழுதையும் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. நம்மவருக்குக் கழுதை ஒன்றுதான் குறை!

தமிழ்ப் புலவர் ஒருவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர் அல்லர் என்பதுதான் வியப்பு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தொண்டாற்றியவர். கிறிஸ்துவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு அவர் இயற்றிய தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது, 1726இல் முற்றுப்பெற்றது. அக்காப்பியத்தில் யூதேயா நாட்டை வருணிக்கும் இடத்தில், பாலை மணலை அவர் பாடவில்லை; நெல் விளையும் மருத நிலத்தைப் பாடினார். காப்பிய மரபு அது என்று கூறிவிடலாம். ஆனால் மரபு மட்டும் என்று நான் எண்ணவில்லை. சோறு உண்ணும் மக்களுக்குச் சோறு விளையாத நாட்டில் ஒரு பெருமான் பிறந்தான் என்று சொன்னால், அவன் விருந்தினனாகவே நின்றுவிடுவான் என்பதை அம்முனிவர் அறிந்திருத்தல் வேண்டும்.

சீர்திருத்தச் சபையாரின் கதை கடற்கரையில் தொடங்குகின்றது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்று, டேனியர் 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். அங்கே 1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் வந்து இறங்கினர். மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று இங்கே சொல்லலாம். டேனியர் புதிய நாட்காட்டியை 1700இலேயே ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை விடவில்லை. ஆகவே ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், தரங்கம்பாடிக் கோட்டையில் கிறிஸ்துமஸ் முடிந்து பதினொரு நாள் கழிந்த பின்னரே சென்னைக் கோட்டையில் கிறிஸ்துமஸ் வந்தது. இரண்டு கோட்டைக்கும் ஒரே கடல், ஒரே மழை, டிசம்பர் 25 மட்டும் இரண்டு!

தரங்கம்பாடிக்கு 1750இல் வந்த சுவார்ட்ஸ் ஐயர் பின்னர்த் தஞ்சையில் தங்கி, 1798இல் அங்கேயே மறைந்தார். இளவரசர் சரபோசிக்கு ஆசானும் காவலருமாக இருந்தவர் அவர். அவரிடமே கற்ற மற்றொரு மாணாக்கர் வேதநாயக சாஸ்திரியார். அரசருக்கும் சாஸ்திரியாருக்கும் இடையே நெடுங்கால நட்பு உண்டு. 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த சாஸ்திரியார், குறவஞ்சி என்னும் தமிழ் நாடக வகையை எடுத்து, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறத்தி வருவாள், குறி சொல்வாள், தலைவி பெத்லகேம் நாதன்மேல் காதல் கொண்டிருப்பாள். சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானநூலும் அதற்குள் வந்துவிடும்! அவர் பாடல்களைப் பாடாத கிறிஸ்துமஸ் தஞ்சைச் சபைகளில் அரிது.

சாஸ்திரியாரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஆனால் அதற்கு முன் உங்களை எங்கள் வீட்டு அடுக்களைக்கு அழைத்துச் செல்கிறேன்.

தஞ்சைக்கும் கும்பகோணத்திற்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர் எங்களுடையது. திருநாளுக்குப் பத்து நாள் முன்பே வீட்டிற்கு வெள்ளை அடிப்பார்கள். மூங்கிற் சிம்பைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, என் தந்தையார் விண்மீன் விளக்கு ஒன்று செய்வார். ஐந்து முனையும் ஒரே அளவாய் அமைந்த ஆண்டு எனக்கு நினைவில்லை. தேங்காய்ச் சிரட்டைகளில் கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்து வைப்போம். குடிலைச் சுற்றிப் பசும்புல்லாக வைப்பதற்கு அது எட்டு நாளில் முளைத்து நிற்கும்.

பலகார வேலையின் தலைமை அப்பாயியிடம் இருந்தது. என் தந்தையாரின் தாயை அவ்வாறே அழைப்போம். பத்தாயத்தினின்று எடுத்த பழைய சம்பா நெல்லைக் குத்தி, பச்சரிசியாக்கி, இரண்டு நாழிகைக்கு மேல் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்புவார். அதிரசத்தின் நுட்பமெல்லாம் இங்கேதான் இருக்கின்றது. அரிசி முற்றும் உலர்ந்துவிட்டால் மாவு பாகை உறிஞ்சி இறுகும். ஈரம் மிகுந்துவிட்டால் எண்ணெயில் பிரிந்து போகும். கையில் அள்ளினால் ஒட்டாமலும், பிடித்தால் பிடிபட்டும் இருக்கும் நிலையில் உரலில் இட்டு இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லத்தைக் கரைத்து, கல்லும் மண்ணும் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றிக் காய்ச்சுவார். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி பாகை விட்டு, விரலால் உருட்டுவார். உருண்டு, மெத்தென்று, தட்டினால் ஓசை எழாத பதம். ஓசை எழுந்தால் பதம் கடந்துவிட்டது என்று பொருள். அன்று அடுக்களைப் பக்கம் நாங்கள் போகமாட்டோம்! ஏலமும் சுக்கும் பொடித்துப் போட்டு, மாவைப் பாகில் கிளறி மூடிவிடுவார். ஒரு நாளேனும் இரண்டு நாளேனும் அது ஊறவேண்டும். அதன் பின்னரே வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டிப் போடுவது. தஞ்சை அரண்மனைச் சமையல் முறைகளைச் சரபோசி மன்னர் காலத்தில் மராட்டியில் எழுதிவைத்தனர். 'சரபேந்திர பாகசாத்திரம்' என்ற பெயரால் அது அறியப்படுகின்றது. அப்பாயியின் சாத்திரம் அவருடைய ஆள்காட்டி விரலில் இருந்தது.

அதிரசமும் முறுக்கும் எல்லாச் சமயத்தார்க்கும் பொது. தீபாவளிக்கு அடுத்த வீட்டில் வெந்ததே கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் வேகும். ஆனால் அச்சுமுறுக்கு என்பது வேறு வகை. அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் கலந்து, தோசை மாவினும் சற்றே நீர்த்த பதத்தில் கரைத்துக்கொள்வர். பூ வடிவான இரும்பு அச்சை எண்ணெயிலேயே காயவிட்டு, முக்கால் பங்கு மட்டும் மாவில் தோய்த்து மீண்டும் எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். அச்சு காயாவிட்டால் மாவு பற்றாது; விளிம்பு வரை தோய்த்துவிட்டால் கழன்று வராது. சுவீடன், நார்வே நாடுகளிலும் கிறிஸ்துமஸ் பருவத்தில் இதே முறையில், இதே போன்ற இரும்புப் பூவைக் கோதுமை மாவில் தோய்த்துப் பொரிக்கின்றனர். அச்சு ஒன்று, மாவு வேறு. எங்கள் வீட்டு அச்சு சற்றே வளைந்தது. அதனால் எங்கள் அச்சுமுறுக்கை ஊரில் எவர் வீட்டில் கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

பொரிக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எதிர்த் தெருவில் சைவ உணவினர் வாழ்ந்தனர். அவர்களுக்கு உரிய அதிரசத்தையும் முறுக்கையும் புது எண்ணெயில் முதலிற் பொரித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டே, முட்டை கலந்த மாவை அவ்வெண்ணெயருகே கொண்டுவருவார் அப்பாயி. சமைத்ததை ஏற்காத வீடுகளும் இருந்தன. அவர்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் கற்கண்டும் வெற்றிலையும் போகும். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது; ஒருவரையும் சங்கடப்படுத்தவும் கூடாது என்பது அவர் முறை.

அப்படிச் சொன்னேன். ஆனால் அது முழு உண்மை அன்று.

நெல்லைக் குத்த, சேரியிலிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள். கொல்லை வழியாக வருவார்கள். கொல்லையில் உள்ள உரலில் குத்துவார்கள். கொல்லை வழியாகவே திரும்புவார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, எங்கள் சபையினரே. அரிசியை ஊறவைத்தபின் அந்த உரலும் இல்லை, அந்தக் கைகளும் இல்லை. மாவு இடிப்பது உள்முற்றத்து உரலில், வீட்டுப் பெண்டிர் கையால். நெல்லாக இருக்கும் வரையில் தீட்டு இல்லை. மாவான பின் தீட்டு. சிறுவனாகிய எனக்கு இது விந்தையாகக்கூடத் தோன்றவில்லை. பலகாரப் பங்கு அவர்களுக்குத் தவறாமல் போகும். அளவிலும் குறையாது. ஆனால் அதுவும் கொல்லை வழியே.

இப்பொழுது சாஸ்திரியாரிடம் திரும்புவோம். சுவார்ட்ஸ் ஐயர் காலத்திற்குப் பின், 1820களில், புதிய போதகர் சிலர் தஞ்சைச் சபையின் பழக்கங்களை மாற்ற முற்பட்டனர். சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் முறையீடுகள் நான்கு. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். தமிழ்ப் பாட்டைக் கோயிலிலிருந்து விலக்குகிறார்கள். திருமணத்திலும் திருநாளிலும் பூக்களைத் தடுக்கிறார்கள். எல்லாச் சாதியாரும் கலந்தே உட்காரவேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். முதல் மூன்றையும் படிக்கும்பொழுது நம் உள்ளம் அவர் பக்கமே சாய்கின்றது. மார்கழிப் பூவும் தமிழ்ப் பாட்டும் இல்லாத திருநாள் காவிரி நாட்டுத் திருநாள் ஆகுமோ? நான்காவதில் என்னால் அவருடன் நிற்க இயலவில்லை. அவர் பெரும் புலவர். என் சபையின் பெருமை. இருப்பினும், பூவையும் பாட்டையும் காக்கவேண்டிய அதே மூச்சில், பிரிந்து உட்காரும் பாயையும் காக்கவேண்டும் என்று அவர் எண்ணியது பிழை. 1833இல் கல்கத்தா மேற்றிராணியார் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று ஆணை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே விலகினர். மண்ணின் வழக்கம் என்பதற்குள் எதெல்லாம் ஒளிந்துகொள்கின்றது என்பதை இந்த வரலாறு காட்டுகின்றது. மாணவர்களாகிய நீங்கள் இதனை நன்றாகப் படிக்கவேண்டும்.

நூற்று முப்பத்தைந்து ஆண்டு கழிந்தது. 1968 டிசம்பர் 25. எங்கள் பழைய தஞ்சை மாவட்டத்தில், நாகப்பட்டினம் பக்கம், கீழ்வெண்மணி என்னும் சிற்றூரில், கூலியாகப் பெறும் நெல்லைச் சற்றே உயர்த்தித் தரக் கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பத்தார், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த நிலையில் எரிக்கப்பட்டனர். மாண்டவர் 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அவ்விரவில் நாங்கள் அதிரசம் உண்டு உறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்பொழுது பத்து வயது.

அடுத்த ஆண்டு மார்கழியில், நெல் குத்தவந்த பெண்களைத் தெருவழியே வந்து திண்ணையில் அமரும்படி என் தந்தையார் கூறினார். அவர்கள் தயங்கி நின்றார்கள். "கொல்லையிலேயே இருந்துக்கிறோம், ஐயா" என்றார் மூத்தவர். தந்தையார் வழிவிட்டு ஒதுங்கி நின்றாரேயன்றி வேறொன்றும் பேசவில்லை. அவர்கள் வந்து அமர்ந்தார்கள். திண்ணையின் ஓரத்தில், எழுவதற்கு ஆயத்தமானவர் போல். தெருவில் போனவர் பார்த்தனர். எங்கள் சபையார் சிலர் பின்னர் வந்து பேசவும் பேசினர். அப்பாயி வெளியே வரவேயில்லை. அன்று மாலை பாகு பதம் தப்பியது என்று கூறி, அதிரசம் தட்டாமலே படுத்துவிட்டார். பாகு தப்பவில்லை என்பது என் தாயாருக்குத் தெரியும். மறுநாள் அவரே தட்டினார். பங்கைத் தட்டில் வைத்துத் திண்ணைக்குக் கொண்டுபோனவரும் அவரே. அப்பாயி அதன் பிறகு ஆறு கிறிஸ்துமஸ் இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் அத்தட்டில் அடுக்குவதைத் தம் கையாலேயே அடுக்கினார். எங்களுக்கு வைத்ததினும் சற்று மிகுதியாகவே அடுக்கினார். நிலைப்படியைத் தாண்டித் திண்ணைக்கு மட்டும் வந்ததில்லை.

திருநாள் விடியலை நான் மறக்கவில்லை. நாலரை மணிக்கு ஆராதனை. நான்கு மணிக்குக் கைவிளக்குடன் புறப்படுவோம். பனி இறங்கி, வரப்பெல்லாம் நனைந்திருக்கும். சாஸ்திரியார் பாட்டைப் பாடிக்கொண்டு சபையார் ஒருபுறமிருந்து வருவார்கள். மார்கழி ஆதலால் திருப்பாவை பாடிக்கொண்டு பெருமாள் கோயில் பஜனைக் கூட்டம் மறுபுறமிருந்து வரும். பிள்ளையார் கோயில் முனையில் இரண்டும் சந்திக்கும். எவரும் பாட்டை நிறுத்தமாட்டார்கள். குரலை மட்டும் தணித்துக்கொள்வார்கள். சிறிது தூரம் சென்றபின் இருபுறமும் குரல் உயரும்.

நாங்கள் அனுப்பிய தட்டுகள் உடனே திரும்புவதில்லை. வெறுந்தட்டாகத் திருப்பித் தருதல் எங்கள் ஊரில் வழக்கமன்று. இருபது நாள் கழித்துப் பொங்கலன்று அவை வரும். ஒன்றில் சர்க்கரைப் பொங்கல், ஒன்றில் மஞ்சட் கொத்தும் கரும்புத் துண்டும். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய இசுலாமிய வீட்டுத் தட்டு மட்டும் நோன்பு வரும்வரை அங்கேயே இருக்கும். திண்ணைக்குப் போன தட்டும் பொங்கலன்று திரும்பியது. அதில் புதுநெல் அரிசி ஒரு படி இருந்தது. அதை அவர்கள் அறுப்புக் கூலியாகப் பெற்றிருந்தார்கள்.

எங்கள் வயல் அறுப்பு முடிந்து சம்பா வீடு வந்ததும், விதைநெல்லை அளந்து கோட்டை கட்டுவார்கள். அது முடிந்தவுடன் அப்பாயி ஒரு மண்பானையை எடுத்துத் துடைத்து, அதில் பன்னிரண்டு படி நெல் அளந்து கொட்டி, வேப்பிலை போட்டு, துணியால் வாய் கட்டிப் பத்தாயத்தின் பின்னால் வைப்பார். அடுத்த மார்கழிக்கு இன்னும் பதினொரு திங்கள் இருக்கும். என் தந்தையார் திண்ணையைத் திறந்த ஆண்டிற்குப் பின் வந்த தையில், அப்பானையில் பதினான்கு படி கொட்டினார். ஏன் என்று நான் கேட்டேன். "எண்ணிக்கை மறந்துபோச்சு" என்றார்.